அதே கனத்தில் ஒரு பழந்துணி

கையை விட்டது ஒரு முடிச்சுப் போடுகிற நேரம்தான். அதற்குள் போய்விட்டாரே மனுஷன். மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளக் கழுத்தைக் குனிந்தேன், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, கை நிறையப் பச்சை வளையல், அதுதான் ஞாபகம், முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு "உங்களுக்குக் கட்டிவிட நான் குடுத்து வச்சிருக்கணும்மா" என்றாள், நிமிர்ந்தேன், அவர் நின்ற இடத்தில் விளாம்பழக் கூடையோடு ஒருத்தி நிற்கிறாள். இத்தனை வருஷமாக அவர்தான் கட்டிவிடுவார். ஆடிப் பதினெட்டு என்றால் அம்மா மண்டபத்துப் படித்துறை, படித்துறை என்றால் அவர் கையால் புதுக்கயிறு, அதில் மாற்றமே கிடையாது. இந்த வருஷம் கயிற்றைக் கையில் கொடுத்தேன். வாங்கினார். இரண்டு முனையையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இது எந்த லைன் மருதாயி? மெயினா, குழாய்க்குப் போறதா?" என்றார். மைக் செட் போட்ட கை, கயிறு என்றாலே ஒயர்தான். சிரிப்பு வந்தது எனக்கு, சிரிப்புக்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது, அதை முழுங்கிவிட்டுக் கயிற்றை வாங்கி அந்த வளையல்காரியிடம் நீட்டினேன். அதுதான் நான் செய்த தப்போ. இல்லை, அது தப்பு இல்லை, கையை விட்டதுதான் தப்பு. ஆனால் கழுத்தில் கயிறு கட்டுகிறபோது பழைய கயிற்றை ஒரு கை பிடிக்க வேண்டும், முந்தானையை ஒரு கை பிடிக்க வேண்டும், மூன்றாவது கைக்கு எங்கே போவேன். ஏங்க, என்றேன். ஏங்க என்றால் இந்தக் கூட்டத்தில் நூறு பேர் திரும்புகிறார்கள், அவரைத் தவிர. நிற்கிறேன். இந்த விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஏனென்றால் தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அது எங்கள் வீட்டுச் சட்டம். தொலைந்தவர் நிற்க வேண்டும், தேடுகிறவர் வர வேண்டும், இரண்டு பேரும் அலைந்தால் ஒருத்தர் கிழக்கே போக ஒருத்தர் மேற்கே வர விடியற வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்பார். சரி, இப்போது தொலைந்தது யார்? நானா அவரா? நான் தொலைந்திருந்தால் நான் நிற்க வேண்டும், அவர் வருவார். அவர் தொலைந்திருந்தால் அவர் எங்கேயோ கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் போக வேண்டும். அவரைக் கேட்டால் மருதாயி தொலைந்துவிட்டாள் என்பார். என்னைக் கேட்டால் அவர் என்பேன். இரண்டு பேரும் நின்றால்? இந்த நினைப்பு வந்ததும் காலுக்குக் கீழே படி நகர்ந்த மாதிரி இருந்தது. சனம் என்னை உரசிக்கொண்டு போகிறது, ஈரப் புடவை, ஈர வேட்டி, இடுப்பில் குழந்தை, தலையில் முளைப்பாரி, வா வா என்று தோளைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அந்தச் சட்டமே இந்தப் படித்துறையில் பிறந்ததுதான். அப்போதெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, கொட்டகைக்குள் ஆம்ப்ளியை வைத்துக்கொண்டு, அவர் உட்கார்ந்திருப்பார். ஹலோ மைக் டெஸ்டிங். அதையே ஒரு பாட்டு மாதிரி சொல்வார். காணாமல் போனவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கவும், தேடுபவர்கள் ஒலிபெருக்கிக் கொட்டகைக்கு வரவும். எங்கள் துறை கொஞ்சம் மேலே இருந்தது, அப்பாவுக்குச் சலவைத் தொழில், பண்டிகை அன்றைக்கும் எங்களுக்குத் துணி உண்டு, நான் முழங்கால் தண்ணியில் நின்று அலசிக்கொண்டிருப்பேன், தண்ணிக்கு மேலே அந்தக் குரல் வரும். தண்ணிக்கு மேலே வருகிற குரல் நேராக வராது, கொஞ்சம் நெளிந்து நனைந்து வரும். ஆளைத் தெரியும் எனக்கு. மைக் செட்டு முதலாளிக்குப் பந்தல் துணியும் வாடகைக்கு விடுகிற வேலை, அந்தத் துணி மூட்டையை எங்களிடம் கொண்டுவந்து போடுகிறவர் இவர்தான். மூட்டையை இறக்கிவிட்டு நிற்பார். நிற்க வேண்டிய வேலை ஒன்றும் இருக்காது. "எப்ப வரட்டும்?" என்பார். "வெளுத்தா சொல்லியனுப்புறோம்" என்பார் அப்பா. "இல்ல, நானே வந்து பாத்துக்கிறேன்" என்பார். மறுநாளே வந்து நிற்பார். துணி வெள்ளாவியிலேயே ஏறியிருக்காது. ஒரு ஆடிப் பதினெட்டு அன்றைக்கு இப்படித்தான் குழாயில் ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டே வருகிறார், லால்குடியிலிருந்து வந்த பெரியவர், முசிறியிலிருந்து வந்த சிறுவன், அப்புறம் ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை, கொர்ரென்று ஒரு சத்தம், அப்புறம், "சிவப்புப் பாவாடை பச்சைத் தாவணி அணிந்த மருதாயி என்பவர் காணாமல் போய்விட்டார். மருதாயி, நின்ற இடத்திலேயே நிற்கவும். நான் வந்துகொண்டிருக்கிறேன்." நான் காணாமல் போகவே இல்லை. அப்பா பக்கத்திலேயே பிழிந்த வேட்டியோடு நிற்கிறார், பிழிந்ததை மறுபடியும் பிழிகிறார், பொட்டுத் தண்ணி இல்லை அதில், "யாருடி அந்த மருதாயி?" என்கிறார். "நம்ம ஊர்ல எத்தனையோ மருதாயி" என்றேன். "பச்சைத் தாவணில எத்தனை?" என்றார். ஊரே கேட்டது. ஆற்றைத் தாண்டி அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு நான் நின்ற தண்ணி முழங்கால்தான், ஆனால் காலுக்குக் கீழே மணல் அரிக்கும் பாருங்கள், குதிகாலுக்கு அடியில் குடைந்துகொண்டு போகுமே, நாம் அசையாமல் நின்றாலும் நம்மை இறக்கிக்கொண்டே போகுமே, அதுதான் எனக்கு ஆனது. நான் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. நின்றபடியேதான் போனேன். அடுத்த மாசி மாசம் நிஜமாகவே போனேன், மைக் செட்டு வண்டியில், இரண்டு குழாய்க்கும் ஒரு பேட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, குழாய் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன், சிரிப்பு உள்ளே போய்ச் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது. "ஆத்தோட போயிருந்தாக்கூட எங்கயாவது ஒதுங்கியிருப்பா, ஆளோடல்லவா போயிட்டா" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாளாம். அப்பா அடித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் கழித்து விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தார், சண்டைக்கு என்றுதான் நினைத்தோம், மடித்த வேட்டி சட்டை ஒரு ஜோடி, இவருக்கு, கஞ்சி போட்டு, மடிப்பு கத்தி மாதிரி. "போட்டுப் பாரு, அளவு தெரியாது" என்றார். இவர் அதைப் போட்டுக்கொண்டு நாள் பூராவும் உட்காரவே இல்லை, மடிப்பு கலைந்துவிடும் என்று.

இப்படி நினைத்துக்கொண்டு நிற்கிறேனே, என்ன பெண்பிள்ளை நான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாத்திரை போட்டிருக்கிறார், இட்லி இரண்டு சாப்பிட்டிருக்கிறார், தண்ணீர் பாட்டில் என் பையில் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும் என்று கம்பத்தை விட்டேன். கொட்டகை அதே இடத்தில்தான், ஆனால் இப்போது போலீஸ் போட்டிருக்கிறது, தகரக் கூரை, மின்விசிறி, மைக்குக்கு முன்னால் ஒரு போலீஸ்காரப் பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும், காலையிலிருந்து கத்திக் கத்திக் குரல் உடைந்திருக்கிறது. அவருடைய பேரைக் கேட்டாள். வையாபுரி என்றேன். ஒரு காலத்தில் அந்தப் பேரைச் சொல்ல எனக்கு வாய் வராது, இப்போது தினமும் காலையில் நானே அவருக்குச் சொல்கிறேன், நீங்கதான் வையாபுரி, நான் மருதாயி, இது நம்ம வீடு. எல்லா நாளும் இல்லை. சில நாள் அவராகவே எழுந்து, "என்ன மருதாயி, காப்பி கெடைக்குமா, இல்ல மனு எழுதிப் போடணுமா?" என்பார். அந்த நாளில் நான் காப்பியில் சீனி போட மறந்துவிடுவேன், சந்தோஷத்தில். "என்ன சட்டை பாட்டி?" என்றாள் போலீஸ்காரப் பெண். "வெள்ளை." "எல்லாருமே வெள்ளைதான். வேற?" "நல்லா வெளுத்த வெள்ளை." அவள் என்னைப் பார்த்தாள். "அடையாளம் எதாவது?" "எடது காது கேக்காதும்மா." "அது பாத்தாத் தெரியாதே." "கூப்பிட்டாத் தெரியும்" என்றேன். சிரித்துவிட்டாள் பாவம், சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் தட்டினாள். வையாபுரி என்ற பெரியவர் எங்கிருந்தாலும் உடனடியாகக் கொட்டகைக்கு வரவும், உங்கள் மனைவி மருதாயி காத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் இரண்டு பேர் பேரும் சேர்ந்து குழாயில் வந்தது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குக்கூட வரவில்லை, கோயிலில் மாலையை மாற்றிக்கொண்டு ஆளுக்கு ஒரு வாழைப்பழம் தின்றோம், அவ்வளவுதான். மறுபடி சொன்னாள். வேட்டி கட்டியவர்கள் நிறையப் பேர் போனார்கள் வந்தார்கள், ஒருத்தரும் எங்களவர் இல்லை. எங்கிருந்தாலும் வரவும் என்கிறாளே இந்தப் பெண், அவருக்குத் தெரிந்த சட்டம் அது இல்லையே, நின்ற இடத்திலேயே நிற்கவும் என்பதல்லவா அவர் சொன்னது, அவர் வாயாலேயே எத்தனை ஆயிரம் பேருக்குச் சொன்னது. எல்லாம் போனாலும் அது போயிருக்காது. அது எனக்குத் தெரியும்.

எல்லாம் ஒன்றும் போய்விடவில்லை, கரை மாதிரிதான், ஒரே நாளில் போகாது. எங்கள் துறையில் ஒரு பூவரச மரம் இருந்தது, அது நிற்கிற மண்ணை ஆறு அடியில் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், மேலே பார்த்தால் புல்லும் பூவுமாக அப்படியே இருக்கும், ஒரு நாள் போய்ப் பார்த்தால் நேற்று நான் உட்கார்ந்த இடத்தைக் காணோம். அவருக்கு முதலில் போனது சாமான் பேர். அப்புறம் தெருப் பேர். ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு, "இந்த வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி, சொன்னா ஒரு வாய் சோறு போடுவாங்க" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னாராம் என்னைப் பற்றி. நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அழவில்லை. நல்ல மாதிரி என்றாரே, அதுவரைக்கும் நேரில் ஒரு தடவை சொன்னதில்லை. எங்கள் மகன் தியாகு திருப்பூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவன் அன்றையிலிருந்து ஒரே பேச்சு, ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, அப்பாவை ஒரு ரூம்ல வச்சு ஒரு ஆளப் போட்டுப் பாத்துக்கலாம். நல்ல பிள்ளைதான். பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் நாலாவது மாடி. அங்கே எந்த ஜன்னலைத் திறந்தாலும் இன்னொரு ஜன்னல். இங்கே அவருக்குப் பேர் மறந்தாலும் கால் மறக்கவில்லை, பால்காரர் வீடு வரைக்கும் போய் வருவார், கோயில் குழாயில் பாட்டுப் போட்டால் தலையைச் சாய்த்துக் கேட்டு "பேஸ் கம்மி" என்பார். அந்த ரூமில் என்ன கேட்பார்? "கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகாதம்மா, ஒரு தடவ கையை விட்டுட்டீன்னா அப்பறம் நான் கேக்க மாட்டேன், மறுநாளே வண்டி எடுத்துட்டு வந்துடுவேன்" என்று நேற்றுத்தான் சொன்னான். போகவில்லை என்று நானும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்கிறது. அவனேதான். எடுக்காவிட்டால் இன்னும் பயப்படுவான். "என்னம்மா ஒரே சத்தமா இருக்கு? ஆத்துக்கா போயிருக்க?" "சும்மா ஓரமா நிக்கிறோம்பா." "அப்பா எங்க? குடு." "குளிக்கிறாரு." அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. "தனியாவா?" "நான் பாத்துக்கிட்டுத்தான நிக்கிறேன்." "குளிச்சுட்டு ஏறுனதும் கூப்புடு, அவர் கொரலக் கேக்கணும் எனக்கு" என்று வைத்துவிட்டான். குளிக்கிறாரு. என்ன வாய் இது. குளிக்கிறாரு என்றேனே, நானே அனுப்பிவைத்த மாதிரி, நானே கையைப் பிடித்து இறக்கிவிட்ட மாதிரி.

படிக்கு ஓடினேன். ஓட்டமா அது, ஒரு ஆள் இடித்து முன்னால் தள்ள ஒரு ஆள் பின்னால் தள்ள உருண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். காவேரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் போகிறது, அவள் பாட்டுக்கு. காதோலை, கருகமணி, வெற்றிலை மேலே எரிகிற சூடம், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போகிறாள், வேண்டாம் என்று ஒன்றைத் திருப்பிப் போட்டதில்லை. புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி, எடுத்து வைத்திருந்த கல்யாண மாலையை ஆளுக்கு ஒன்றாகத் தண்ணியில் விடுகிறார்கள், பூ எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது, ஜரிகை மட்டும் மின்னுகிறது. கல்யாணம் ஆன வருஷம் நாங்களும் விட்டோம். என்னுடையது ஒழுங்காகப் போனது, அவருடையது ஒரு வேரில் மாட்டிக்கொண்டது, சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்துவிட்டார், "ரெண்டும் ஒண்ணாப் போவணும்ல" என்று மூச்சு வாங்கிக்கொண்டு. அப்பா கொடுத்த சட்டை அது. தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் கயிற்றோடு இருக்கிறார்கள், ஒருத்தர் வெள்ளரிக்காய் தின்கிறார், அவர் நிம்மதியாகத் தின்பதைப் பார்த்தால் கொஞ்சம் தெம்பாக இருந்தது, யாரையாவது இழுத்துக்கொண்டு போயிருந்தால் இப்படித் தின்பாரா. ஆனால் சத்தம் போடாமல் போகிறவர்களும் உண்டே. அவர் சத்தம் போடுவாரா? என்னவென்று போடுவார்? தண்ணிக்குப் பேர் மறந்திருந்தால்? இப்படி ஒன்றையே பிடித்துக்கொண்டு சுற்றுகிறது மனசு, சுழியில் மாட்டின தேங்காய் மட்டை மாதிரி, வெளியே வரப் பார்க்கிறது, மறுபடி உள்ளே போகிறது. வெள்ளையாக எது மிதந்தாலும் அவர் சட்டை. அது பாலிதீன் பை. அது வாழைப்பூ மடல். அது யாரோ விட்ட துண்டு, துண்டுதான், போகிறது பார், படியோரம் கொஞ்ச தூரம் வருகிறது, அப்புறம் நடுவுக்கு நகருகிறது, அப்புறம் மண்டபத் தூணைத் தாண்டினதும் மறுபடி கரைப்பக்கம் வருகிறது. அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் அப்பா வந்தார். வந்தார் என்றால் நினைப்பில் வந்தார், ஆனால் ஈரக் கால் சத்தம் கேட்டது. எங்கள் துறையில் துணி போய்விடுவது உண்டு, அதுவும் வெள்ளம் வந்த காலத்தில், அலசுகிறபோது கையை நழுவினால் அவ்வளவுதான், கண்ணுக்கு முன்னால் இருக்கும், எட்டினால் இருக்காது. நாங்கள் ஐயோ ஐயோ என்று கரையோரம் ஓடுவோம். அப்பா ஓட மாட்டார். கோபமும் பட மாட்டார். மூட்டையிலிருந்து ஒரு பழந்துணியை எடுப்பார், போனது வேட்டி என்றால் வேட்டி கனத்துக்கு, புடவை என்றால் புடவை கனத்துக்கு, நனைத்துப் பிழியாமல், எந்த இடத்தில் கை நழுவியதோ அதே இடத்தில் மெல்ல விடுவார். விட்டுவிட்டு அது கூடவே கரையில் நடப்பார், பேசிக்கொண்டே, பீடி பிடித்துக்கொண்டு. அது போகிற இடத்துக்கெல்லாம் போவார். அது எந்தப் புதரில் போய் ஒதுங்குகிறதோ அங்கே கையை விட்டுத் துழாவினால் போன துணியும் இருக்கும், அநேகமாக. "தேடுறதுன்னா நீ நெனைக்கிற எடத்துல தேடக்கூடாது மருதாயி. அது போன வழியில போவணும்." அப்படிச் சொல்லும்போது எனக்கு அது துணி விஷயம்.

பழந்துணிக்கு எங்கே போக? இதோ நான் இருக்கிறேனே. நானும் அவரும் இப்போது ஒரே கனம்தான். போன மாசம் ஆஸ்பத்திரியில் ஏற்றி நிறுத்திப் பார்த்தார்கள், அவரும் நானும் ஒன்றுபோல் காட்டினோம், "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?" என்றாள் நர்ஸ். அவரை மாதிரியே எனக்கும் இடது முழங்கால் மடங்காது. திரும்பிப் போனேன், விளக்குக் கம்பத்துக்கு, விளாம்பழக் கூடைக்காரி இன்னும் இருக்கிறாள், அவளுக்குப் பக்கத்தில், அவர் நின்ற அதே கல்லில், நடுவில் வெடித்திருக்கிற அந்தக் கல்லில் ஏறி நின்றேன். முகத்தை அவர் பார்த்த பக்கம் வைத்தேன். பையை மாரோடு அணைத்துக்கொண்டேன். அப்புறம் உடம்பை விட்டேன். இது லேசு இல்லை. இத்தனை நேரமும் எதிர்த்து எதிர்த்து நின்ற உடம்பு, தோளை இறுக்கி, குதிகாலை ஊன்றி, முழங்கையை வெளியே நீட்டி, சும்மா விடு என்றால் விடுமா. முதல் இடி வலது பக்கம் வந்தது, தவில் மாதிரி வயிறு உள்ள ஒரு ஆள், போனேன். அடுத்தது ஒரு குடும்பம், பாட்டி பேரன் தூக்குவாளி என்று ஒரு சங்கிலி, அது என்னை முன்னால் தூக்கிக்கொண்டு போனது. யோசிக்காதே மருதாயி, வழி பார்க்காதே, வழி பார்த்தால் அது உன் வழி ஆகிவிடும், அவர் வழி தெரியாமலேதான் போனார். அப்படித்தானே அவருக்கு இருக்கும், காலையில் எழுந்ததும், எந்த ஊர், எந்த வீடு, எல்லாரும் எங்கேயோ போகிறார்கள், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, நமக்கு மட்டும் தெரியவில்லை, சரி கூடப் போவோம் என்று. பயமாக இருக்கும் என்றே நினைத்திருந்தேன். கொஞ்சம் பயம்தான். ஆனால் அது மட்டும் இல்லை, சுமையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது, முதுகில் ஒரு பெண்ணின் ஈரக் கை, மன்னிச்சுக்கங்கம்மா என்கிறாள், தோளுக்கு மேலே யாரோ முளைப்பாரியைப் பிடித்திருக்கிறார்கள், அதிலிருந்து தண்ணீர் என் கழுத்தில் சொட்டுகிறது, குளிர்ச்சியாக, மஞ்சள் கயிறு நனைகிறது. ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும் உரசுகிற இடத்தில் சவுக்குக் கட்டையால் தடுப்புக் கட்டியிருக்கிறார்கள், அதில் இடித்து இடது பக்கம் திருப்பிவிட்டது. திருப்பினதும் படித்துறை மறைந்துவிட்டது. நான் தேடுவதாக இருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். பொரி கடலைக் கடை, வளையல் கடை, கரும்புச்சாறு மிஷின், ஒவ்வொன்றும் தானாக வந்து தானாகப் போகிறது, அவர் இதையெல்லாம் பார்த்திருப்பார், இந்த மிஷின் மணிச் சத்தத்துக்குத் தலையைச் சாய்த்திருப்பார். அப்புறம் சாலை திரும்புகிற இடம். அங்கே பெரிய சிவப்பு வண்டி, தீயணைப்பு வண்டி, பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கூட்டம் அதில் மோதி இரண்டாகப் பிரிகிறது. நான் இடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தைத் தொட்டபடி ஓரமாகப் போனேன், போனேன், சட்டென்று ஒருத்தரும் என்னை இடிக்கவில்லை. கை கால் தானாக நின்றுவிட்டது. வண்டிக்குப் பின்பக்கம். ஆற்றில் பாறைக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கும், சுற்றிலும் தண்ணி பிய்த்துக்கொண்டு போகும், அங்கே மட்டும் பூவும் நுரையும் சும்மா மிதந்துகொண்டிருக்கும். அங்கே ஒற்றைச் செருப்புகள் கிடந்தன, ஒரு குடை, கசங்கின ஒரு கதம்பம், படுத்திருக்கிற ஒரு நாய். நாய்க்குப் பக்கத்தில் நல்லா வெளுத்த வெள்ளைச் சட்டை.

நின்றுகொண்டுதான் இருந்தார். உட்காரவில்லை, சாயவில்லை, வண்டியின் ஏணிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காவலுக்கு நிற்கிற மாதிரி. வெயிலில் முகம் சிவந்து கிடக்கிறது. என்னைப் பார்த்தார். எந்த நாள் இது, நல்ல மாதிரி வீட்டுக்காரம்மாவா, மருதாயியா? "ஏன் வந்த?" என்றார். "தொலஞ்சா நின்ன எடத்துலயே நிக்கணும்னு உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன். நான் வரமாட்டேனா?" "எப்ப வரதா இருந்தீங்க?" "கூட்டம் கொறையட்டும்னு பாத்தேன்." பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், குடித்தார், பாதியை நாய்க்கு முன்னால் ஊற்றினார், அது நக்கியது. எனக்கு வாயில் சிரிப்பு, கண்ணில் தண்ணி, எது முதலில் வருவது என்று அதுகளுக்குள் தள்ளுமுள்ளு. "அந்தப் பொண்ணு மைக்கை வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டுப் பேசுது. அதான் கீச்சுன்னு இழுக்குது குழாய்" என்றார். அப்படியானால் கேட்டிருக்கிறார். "கேட்டீங்களா? பேரு சொன்னாங்களே." "கேட்டேனே. பாவம், வையாபுரின்னு எவனோ ஒருத்தன் தொலஞ்சு போயிட்டான். என் பேருதான். பொண்டாட்டிக்காரி தேடிக்கிட்டு நிக்குறா. பேரும் பாரு, மருதாயி." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், வேடிக்கையைப் பகிர்ந்துகொள்கிறவர் மாதிரி. அது நீங்கதான் என்று சொல்லலாம். காலையில் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொல்லலாம். கையைப் பிடித்துக்கொண்டேன். "கெடச்சிட்டாராம்" என்றேன். "கெடச்சிட்டானா? யாரு சொன்னா? குழாய்ல சொல்லலையே." "இப்பத்தான் பாத்தேன்." "அதெப்புடி. கெடச்சா அதையும் சொல்லணும் மருதாயி. காணோம்னு சொல்லிட்டு கெடச்சத சொல்லாம விட்டா, கேட்டவன்லாம் வீட்டுக்குப் போயும் அதே நெனப்பா இருப்பான், சோறு எறங்காது. வா, சொல்லச் சொல்லுவோம்." என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட்டத்துக்குள் அவர் முன்னே, நான் பின்னே, ஹலோ வழி வழி என்று, ஒரு காலத்தில் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு போன அதே நடை, கொட்டகைக்கு வழி கேட்கவே இல்லை.

போலீஸ்காரப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நான் உதட்டில் விரலை வைத்தேன். கெட்டிக்காரி, புரிந்துகொண்டாள். "அந்த வையாபுரி கெடச்சாச்சாம்மா, சொல்லிடு" என்றார் இவர். "எனக்குத் தொண்டை போயிடுச்சு பெரியவரே, நீங்களே சொல்றீங்களா?" என்று எழுந்து நாற்காலியை விட்டாள். உட்கார்ந்தார். மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தார். ஒரு திருகைக் குறைத்தார், இன்னொன்றை ஏற்றினார், குழாயின் இழுப்பு நின்றது. அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் போன். எடுத்துக் காதில் வைத்தேன், தியாகு அம்மா என்கிறான், இங்கே விரலால் மைக்கை மெல்லத் தட்டுகிறார், ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். அதே குரல். கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் நெளிந்து, நனைந்து, ஆற்றைத் தொட்டுக்கொண்டு போகிறது. "அம்மா, அப்பா கொரலா அது?" "பொதுமக்கள் கவனத்திற்கு. சற்று முன்பு காணாமல் போன வையாபுரி என்பவர் கிடைத்துவிட்டார். அவரைத் தேடிக்கொண்டிருந்த மருதாயி..." நின்றுவிட்டது. கொர்ரென்று ஒரு சத்தம் மட்டும். தலையைச் சாய்த்து எதையோ கேட்கிறார். போய்விட்டது, அந்த வார்த்தை போய்விட்டது, பிள்ளையும் கேட்டுவிட்டான், காணாமல் போன என்பதைக் கேட்டுவிட்டான், நாளைக்கு வண்டி வரும், நாலாவது மாடி, ஜன்னலுக்கு எதிரே ஜன்னல். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கழுத்துக் கயிற்றைப் பார்த்தார், புதுக்கயிறு, ஈரம். கண்ணுக்கு அடியில் ஏதோ ஒன்று மேலே வந்தது, மீன் வருமே அந்த மாதிரி. "மருதாயி, நின்ற இடத்திலேயே நிற்கவும். நான் வந்துகொண்டிருக்கிறேன்." படித்துறை பூராவும், கடைத்தெரு பூராவும், அக்கரை வரைக்கும். "தியாகு" என்றேன். "யாரும்மா காணாமப் போனது?" என்றான். "கெடச்சாச்சுன்னு சொல்றாருல்ல." மூக்கை உறிஞ்சினான், சின்னப் பிள்ளையில் தேர்க்கூட்டத்தில் தொலைந்து, நின்ற இடத்திலேயே நின்று, அப்பா வந்து தூக்கினதும் உறிஞ்சின அதே மூக்கு. "சரி. அப்ப அங்கயே நில்லும்மா" என்றான், "அப்பா வராருல்ல." அவர் உட்கார்ந்த நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெஞ்சு அகலம்தான். அவர் மைக்கை அணைத்தார், ஒயரை ஒழுங்காகச் சுருட்டி வைத்தார், எழுந்தார். நான் நின்றேன்.